ஃபார்மேட் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் லேப்டாப் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவர்களும் பொறுமையாகப் படித்துவிடுங்கள். மற்றவர்களுக்கு அடுத்த வாரம் ஏரிக்கு வந்திருக்கும் பூநாரைகளைப் பற்றி எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம், என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒருத்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவள் இப்போது மீன் ஏலம் எடுத்து விற்கிறாள். மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுவதும் அவள்தான். மகள் கல்லூரியில் கடைசி வருஷம். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் பழைய துண்டில் சுற்றிய லேப்டாப்.

"டீச்சர், ஹார்ட் டிஸ்க் போயிடுச்சாம். கடையில ஃபார்மேட் போடணும்ங்கறாங்க. ஃபார்மேட் போட்டா உள்ள இருக்கறது எதுவும் தங்காதாமே?"

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். மகளின் ப்ராஜெக்ட் இருக்கிறது. நண்டு, இறால் விற்கிற அறுபது பேரிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய விவரம். அதைவிடப் பெரியது, குழுவில் பதினான்கு பெண்களின் இரண்டு வருஷக் கடன் கணக்கு. யார் எத்தனை தவணை கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில்தான். முன்பு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாளாம். "கம்ப்யூட்டர்ல போட்டா நீட்டா இருக்கும்மா" என்று மகள் சொன்னாள் என்று மாற்றியிருக்கிறாள். இப்போது கணக்கு போய்விட்டது என்று குழுவில் சொன்னால் பதினான்கு பேரும் என்ன நினைப்பார்கள்? அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து முப்பத்து நான்கு வருஷம் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவள். எமிஸ் பதிவு வந்த காலத்தில் வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பிறகு பிடித்துப் போய்விட்டது. ஒரு முறை சொந்தக் கையாலேயே சொந்த டிஸ்கைக் கெடுத்துக்கொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன். கற்றதில் பாதி அந்த அடியில் கற்றதுதான்.

லேப்டாப்பைப் போட்டேன். நீலத் திரை வந்தது. சோகமான முகம் ஒன்று, அடியில் 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்ற வரி. விண்டோஸ் எங்கே இருக்கிறதோ அந்த டிஸ்கை எட்ட முடியவில்லை என்று அர்த்தம். எட்ட முடியவில்லை என்றுதான் அது சொல்கிறது, டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர் கவனித்திருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

நிறுத்திவிட்டு, மறுபடி போட்டு, பயாஸுக்குள் போனேன். பயாஸ் என்பது விண்டோஸ் எழுவதற்கு முன்னாலேயே விழிக்கிற சின்ன மென்பொருள். அங்கே இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, டிஸ்கின் பெயரும் அளவும் சரியாகவே தெரிந்தன. செத்த டிஸ்க் என்றால் பெரும்பாலும் அங்கே பெயரே வராது. இரண்டாவது, தேதி. எட்டு வருஷம் பின்னால், ஜனவரி ஒன்று என்று காட்டியது.

தேதியைப் பார்த்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மதர்போர்டில் ஒரு பட்டன் செல் இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தையும் சில அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்க அது உதவுகிறது. அது தீர்ந்துபோனால் சில லேப்டாப்களில் எல்லாம் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் ஆணியே ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிறது, செல்லின் முனை என்ன பாடுபடும்? பரீட்சை லீவில் லேப்டாப்பை ஒரு மாதம் தொடவேயில்லை என்றாள் அந்தப் பெண். பெரிய பேட்டரியும் இறங்கி, சின்ன செல்லும் தீர்ந்திருக்கிறது.

"விண்டோஸ் யார் போட்டுக் கொடுத்தாங்கம்மா?" என்று கேட்டேன். சென்னையில் பழைய லேப்டாப் விற்கிற ஒருவரிடம் வாங்கியதாம், அவர்தான் புதிதாகப் போட்டுக் கொடுத்தாராம். சரி, கதை முழுதாகிவிட்டது. இந்த மாடலில் டிஸ்க் அமைப்பு 'ரெய்டு' என்று வைத்துத்தான் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. விற்றவர் அதை 'ஏஎச்சிஐ' என்று மாற்றி விண்டோஸ் போட்டிருக்கிறார். செல் தீர்ந்ததும் அது தானாக 'ரெய்டு'க்குத் திரும்பிவிட்டது. விண்டோஸ் திகைத்து நின்றுவிட்டது.

திரையை அப்படியே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு வரியை மட்டும் ஏஎச்சிஐ என்று மாற்றினேன். தேதியைச் சரி செய்தேன். சேமித்து வெளியே வந்தேன். விண்டோஸ் திறந்தது. குழுக் கணக்கு அப்படியே இருந்தது.

"அவ்வளவுதானா டீச்சர்?" என்றாள் அம்மா. அவ்வளவுதான். ஆனால் கடையில் ஃபார்மேட் போட்டிருந்தால் அந்த இரண்டு வருஷமும் போயிருக்கும், காசும் போயிருக்கும். வேறெதையும் தொடுவதற்கு முன்னால் கணக்கையும் ப்ராஜெக்ட்டையும் பென் டிரைவில் ஏற்றினோம். புது செல் மறுநாள் போட்டது, சில்லறைக் காசு.

இந்த ரெய்டு, ஏஎச்சிஐ எல்லாம் என்ன என்று கேட்பீர்கள். பள்ளிக்கூட பாஷையில் சொல்கிறேன். டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் ஒரு கன்ட்ரோலர் இருக்கிறது. அது எந்த மீடியத்தில் பேசுவது என்பதுதான் இந்த அமைப்பு. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளையைத் திடீரென்று ஆங்கில மீடியம் வகுப்பில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் பதில் வராது. பிள்ளைக்குப் பாடம் தெரியாது என்று எழுதிவிடலாமா?

பழைய காலத்து மீடியம் ஐடிஇ. அகலமான சாம்பல் நிற கேபிளைப் பார்த்திருப்பீர்கள். பிறகு ஒல்லியான சாட்டா கேபிள் வந்தது. அதற்கு ஏற்ற மாதிரி ஏஎச்சிஐ என்ற முறையை 2004-ல் இன்டெல் வெளியிட்டது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது தெரியாது. அதனால்தான் அந்தக் காலத்தில் எக்ஸ்பி போடுகிறவர்கள் எல்லோரும் பயாஸில் ஐடிஇ என்று மாற்றிவிட்டுப் போடுவார்கள், அல்லது ஃப்ளாப்பியில் டிரைவர் வைத்துக்கொண்டு எஃப் 6 அழுத்துவார்கள். விஸ்டா முதல் விண்டோஸுக்கு ஏஎச்சிஐ தெரியும். ஆனாலும் அதற்கு ஒரு சிக்கனப் புத்தி உண்டு. எந்த மீடியத்தில் நிறுவினோமோ அந்த டிரைவரை மட்டும் காலையில் எழுப்பும், மற்றதைத் தூங்கவிட்டுவிடும். நடுவில் நாம் மீடியத்தை மாற்றினால் அதற்குப் பேச ஆள் இல்லை, நீலத் திரை.

ரெய்டு என்பது இரண்டு மூன்று டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்துவதற்கு வந்தது. ஒரே டிஸ்க் உள்ள லேப்டாப்பிலும் அதைப் போட்டு அனுப்புகிறார்கள். இன்டெல் ஆர்எஸ்டி என்றும், புது லேப்டாப்களில் விஎம்டி என்றும் பெயர் இருக்கும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எல்லாப் பழைய லேப்டாப்பிலும் ஏறாது, டிபிஎம் வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். நம்மூர்ப் பிள்ளைகள் கையில் இருப்பதில் பெரும்பாலானவை பழையவை. நன்றாக ஓடுகிற லேப்டாப்பைக் குப்பையில் போட முடியுமா? அதனால் உபுண்டு போன்ற லினக்ஸைப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் போடப் போனால் டிஸ்கே தெரியவில்லை என்கிறது, அல்லது ஆர்எஸ்டியை அணைத்துவிட்டு வா என்கிறது. உடனே ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து பயாஸில் மாற்றிவிடுகிறார்கள். விண்டோஸ் எழவில்லை. பயந்து கடைக்குப் போகிறார்கள். கடையில் ஒரே மருந்து, ஃபார்மேட்.

இது நம்மூருக்குப் புதிதும் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே டிஸ்கில் இரண்டு குடித்தனம். எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் அது என்ன, ஏன் இரண்டு என்று தெரிந்த பிள்ளை எங்கள் குப்பங்களில் ஒன்றுகூடக் கிடையாது. சினிமா வைக்க இடம் போதவில்லை என்று விண்டோஸிலிருந்தே அந்த லினக்ஸ் பகுதியை அழித்தார்கள். எந்தக் குடித்தனத்தின் கதவைத் திறப்பது என்று கேட்கிற காவல்காரன் க்ரப், அவன் இருந்தது அந்த அழித்த பகுதியில். மறுநாள் போட்டால் கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று நிற்கும். விண்டோஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை, கதவு திறக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அதற்கும் கடையில் ஃபார்மேட்தான் போட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய லேப்டாப்பில் கல்லூரி முடியும்வரை சேர்த்து வைத்ததை அப்படி இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மீடியம் மாற்றுவதையும் பார்ட்டிஷன் மாற்றுவதையும் எல்லோரும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். அது தவறு. முதலாவது திரும்ப வரக்கூடிய காரியம். பழைய அமைப்பை எழுதி வைத்திருந்தால், தவறாகப் போனால், பழையபடி மாற்றினால் முடிந்தது. இரண்டாவது அப்படியல்ல. எல்லைக் கல்லைப் பிடுங்கிவிட்டால் பிடுங்கியதுதான். மக்களோ முதலாவதுக்குப் பயந்து ஃபார்மேட்டுக்கு ஒப்புக்கொள்கிறார்கள், இரண்டாவதை டீ குடித்துக்கொண்டே செய்கிறார்கள்.

ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றுவது விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எனக்கு இப்படி நடக்கிறது. முதலில் வேண்டிய கோப்புகளை வெளியே ஒரு நகல் எடுத்துவிடுவேன். பிறகு டிஸ்க் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று செட்டிங்ஸில் இருக்கும். புது லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலே பூட்டு விழுந்திருக்கிறது. பூட்டிய நிலையில் பயாஸைத் தொட்டால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது கடைக்காரரின் இமெயில் என்றால் கதை கந்தல். ஆகவே கீயை முதலில் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் அடுத்த அடி.

அடுத்து, விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடினால் ஒரு பெட்டி வரும். அதில் பூட் என்ற பகுதியில் சேஃப் பூட் என்பதை டிக் செய்து ரீஸ்டார்ட். விண்டோஸ் எழுவதற்கு முன்பே பயாஸுக்குள் போய், படம் எடுத்துக்கொண்டு, ஏஎச்சிஐக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். சில லேப்டாப்பில் ஏஎச்சிஐ / என்விஎம்இ என்று சேர்ந்து இருக்கும், சிலவற்றில் விஎம்டியை அணைக்க வேண்டும். இப்போது விண்டோஸ் சேஃப் மோடில் எழும். சேஃப் மோடில் அது தூங்குகிற டிரைவர்களையும் எழுப்பிப் பார்க்கும், ஏஎச்சிஐ டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி அதே பெட்டியில் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். முடிந்தது. ஒன்று ஞாபகம் இருக்கட்டும், சேஃப் மோடில் நான்கு இலக்க பின் சில சமயம் ஏற்காது, கணக்கின் முழு பாஸ்வேர்ட் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பையன் வீட்டில் இதற்காக அரை நாள் உட்கார்ந்தோம்.

நிஜமாகவே இரண்டு டிஸ்குகளை ரெய்டில் சேர்த்துக் கட்டியிருந்தால் இதைச் செய்யவே கூடாது. ஆப்டேன் என்று சின்ன நினைவகம் சேர்த்த சில லேப்டாப்கள் வந்தன, அதில் முதலில் விண்டோஸுக்குள் ஆப்டேனை நிறுத்திவிட வேண்டும். இந்த இரண்டும் நம்மூரில் அபூர்வம்.

இனி பார்ட்டிஷன். தமிழில் பாகப்பிரிவினை என்றால் எல்லோருக்கும் உடனே புரியும், பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலை போடுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டு "எங்கேம்மா எல்லை? ஒரே தண்ணியால்ல இருக்கு" என்பார்கள். தண்ணீரில் கோடு கிடையாது. ஊர் ஒப்புக்கொண்ட கணக்கில்தான் கோடு இருக்கிறது. டிஸ்கும் அப்படித்தான். சி, டி என்று உள்ளே சுவர் எதுவும் இல்லை. டிஸ்கின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பட்டியல், இன்ன பகுதி இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று. பழைய எம்பிஆர் முறையில் அந்தப் பட்டியலில் நான்கே வரிகள். புதிய ஜிபிடி முறையில் நிறைய வரிகள் உண்டு, டிஸ்கின் கடைசியில் ஒரு நகலும் உண்டு. பார்ட்டிஷனை அழித்தால் போவது பட்டியலின் ஒரு வரிதான். வீடு நிற்கும், பத்திரம் போய்விடும். ஆனால் பத்திரம் இல்லாத இடத்தில் வேறொருவன் வீடு கட்டத் தொடங்கினால்?

அதைத்தான் 2019-ல் எனக்கு நானே செய்துகொண்டேன்.

என் லேப்டாப்பில் சி நிறைந்து சிவப்பாகிவிட்டது. டியில் இடம் நிறைய இருந்தது. டியைக் கொஞ்சம் சுருக்கி சியை நீட்டலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டியைச் சுருக்கினேன். சியை நீட்டப் போனால் எக்ஸ்டெண்ட் என்ற சொல் மங்கலாகக் கிடந்தது, அழுத்தவே முடியவில்லை. காரணம் இன்றைக்குத் தெரிகிறது. தெருவில் வரிசையாக வீடுகள்: முதலில் சின்ன ஈஎஃப்ஐ, அடுத்து சி, அடுத்து ரெக்கவரி என்ற சின்ன அறை, கடைசியில் டி. டியைச் சுருக்கினால் காலி மனை டியின் பின்பக்கம் வரும். சிக்கு ஒட்டி வலப்பக்கத்தில் காலி இருந்தால்தான் விண்டோஸ் அதை நீட்டும். தெருக்கோடியில் காலி மனை இருந்து எனக்கு என்ன பயன்?

வீடியோவின் கீழே ஒருவர், டியையும் ரெக்கவரியையும் அழித்துவிட்டால் நீட்டலாம் என்று எழுதியிருந்தார். டியில் இருந்ததைப் பென் டிரைவில் ஏற்றினேன். பாதியில் பென் டிரைவ் நிறைந்துவிட்டது. மீதியெல்லாம் 'காப்பி' என்று பெயர் போட்ட ஃபோல்டர், முன்பே ஏறியதுதான் என்று நினைத்து நிறுத்தினேன். திறந்து பார்க்கவில்லை. முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளிடம் "எழுதியதை ஒரு தடவை திருப்பிப் பார்" என்று சொன்னவள், நான் திருப்பிப் பார்க்கவில்லை. டியை அழித்தேன், சியை நீட்டினேன். ஒரு வாரம் சந்தோஷமாக வேலை செய்தேன். விண்டோஸ் அப்டேட்டும் அந்த இடத்தில்தான் இறங்கியது.

அந்த ஃபோல்டரில் இருந்தது என் வகுப்புப் படங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் முதல் ஓய்வு பெற்ற வருஷம் வரை, ஒவ்வொரு வருஷமும் பள்ளி வேப்பமரத்தடியில் எடுத்தது. ஓய்வு பெற்றபின் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, வருஷ வாரியாக, பிள்ளைகளின் பெயரோடு சேமித்திருந்தேன். காகிதப் படங்களில் பாதி 2015 டிசம்பர் மழையில் ஈரம் பாய்ந்து ஒட்டிப்போனவை. ஸ்கேன் செய்ததும் தூக்கிப் போட்டுவிட்டேன்.

டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் அழிந்த பார்ட்டிஷன் வரியைத் தேடித் திருப்பி எழுதும். உடனே செய்திருந்தால் டி அப்படியே வந்திருக்கும். ஒரு வாரம் மேலே எழுதியபின் அது முடியவில்லை. அதனோடு கூட வருகிற ஃபோட்டோரெக், படங்களை மட்டும் துண்டு துண்டாகப் பொறுக்கி எடுக்கும். இரண்டு இரவு ஓடியது. பாதிக்கு மேல் வந்தன. ஆனால் கோப்பின் பெயரோ ஃபோல்டரோ வராது. எஃப் என்ற எழுத்தும் அதன்பின் நீளமான எண்ணும்தான் பெயர். வருஷம் தெரியவில்லை, பிள்ளைகளின் பெயர் தெரியவில்லை. வரிசையாக உட்கார்ந்திருக்கிற முகங்கள் மட்டும். இன்றைக்கும் அதில் நாற்பது, ஐம்பது படங்கள் எந்த வருஷம் என்று தெரியாமல் கிடக்கின்றன. பழைய மாணவர் யாராவது வீட்டுக்கு வந்தால் காபி கொடுத்துவிட்டுப் படத்தைக் காட்டி "இது யாருடா, பேர் சொல்லு" என்று கேட்கிறேன். என்னுடையது பழைய ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டியாக இருந்தால் இந்த அளவுக்குக்கூடக் கிடைத்திருப்பது சந்தேகம். அழித்த இடத்தை அதுவே துடைத்து வைத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட பழக்கங்கள் சில. நகல் எடுத்தால் அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, நடுவில் நான்கு கோப்புகளைப் பார்த்தபிறகே அடுத்த வேலை. டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒன்றில் பார்ப்பேன். மஞ்சளோ சிவப்போ காட்டினால், கடகட சத்தம் கேட்டால், அதில் எல்லை மாற்றுகிற பேச்சே கிடையாது. நகல் எடுத்துவிட்டு டிஸ்கையே மாற்ற வேண்டியதுதான்.

லினக்ஸுக்கு இடம் வேண்டுமென்றால் விண்டோஸ் இருக்கிற சியை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குகிறேன். அதன் வலது எல்லை மட்டும் உள்ளே வரும். அதற்கு முன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட வேண்டும். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கும், அந்த நேரத்தில் லினக்ஸ் உள்ளே போய்க் கை வைப்பது ஆபத்து. நூறு ஜிபி காலியாக இருந்தும் பத்து ஜிபிதான் சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொல்கிறதா? நடுவில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஹைபர்னேட் கோப்பு, பேஜ் ஃபைல், ரெஸ்டோர் பாயின்ட் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்தினால் பெரும்பாலும் வழி விடும். கிடைத்த காலி இடத்தை அப்படியே பெயர் வைக்காமல் விட்டுவிட்டால் லினக்ஸ் நிறுவும்போது அதுவே எடுத்துக்கொள்ளும். சின்னச் சின்னதாக இருக்கிற ஈஎஃப்ஐ, ரெக்கவரி அறைகளைத் தொடுவதில்லை. டைனமிக் டிஸ்காக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எம்பிஆர் டிஸ்கில் ஐந்தாவது பகுதி போடப் பார்த்தால் அது அப்படிக் கேட்கும், சரி என்றால் பிறகு லினக்ஸ் போடுவது பெரும் தலைவலி.

இடது எல்லையை நகர்த்துவதுதான் எனக்குப் பயம். ஜிபார்ட்டடில் அது முடியும். ஆனால் தொடக்கம் மாறினால் உள்ளே இருக்கிற அத்தனையும் இடம் பெயர வேண்டும். மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் பாதிச் சாமான் பழைய வீட்டில், பாதி புது வீட்டில். பழவேற்காட்டில் கரண்ட் எப்போது போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2016 டிசம்பர் 12 வர்தா அடித்தபோது எத்தனை நாள் இருட்டில் இருந்தோம்! பேட்டரி நன்றாக இருக்கிற லேப்டாப், சார்ஜர் சொருகியபடி, வானம் வெளுத்த நாள். இந்த மூன்றும் இல்லாமல் அந்தப் பச்சை டிக்கை நான் அழுத்துவதில்லை.

"எல்லாம் இப்ப க்ளவுட்ல இருக்கு டீச்சர், டிஸ்க் போனா என்ன" என்று ஒரு பையன் சொன்னான். கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது, குழுக் கணக்குக்கு அது தாராளம். செய்யுங்கள். ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கக் குப்பங்களில் சிக்னல் ஒரு கோடு வருவதற்கே மொட்டை மாடி ஏற வேண்டியிருக்கிறது. க்ளவுடில் ஏறியிருக்கிறது என்று நினைத்து ஏறாமலே கிடப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். இன்னொருவர், கடைக்காரர்கள் பிழைப்பில் ஏன் மண் போடுகிறீர்கள் என்றார். நான் போடவில்லை. நல்ல கைவேலைக்காரர்கள் எனக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நாடி பிடித்துப் பார்க்காமல் கத்தியை எடுப்பவரை வைத்தியர் என்று சொல்ல மாட்டேன். ஃபார்மேட் என்று சொன்னால், "என்ன மாறியது? பயாஸில் டிஸ்க் பெயர் தெரிகிறதா? முதலில் கோப்பை வெளியே எடுத்துத் தர முடியுமா?" என்று மூன்று கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டியோ, லினக்ஸ் பென் டிரைவில் எழுப்பியோ கோப்புகளை எடுப்பது பெரும்பாலும் முடிகிற காரியம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மட்டும் அந்த 48 இலக்கம் வேண்டும்.

2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறேன். மீனவக் குடும்பத்துப் பிள்ளை சொந்தமாக ஒன்று வாங்க எத்தனை சீசன் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கொடுக்கிற அன்றைக்கே, அல்லது அந்த வாரத்திலேயே, கல்லூரியில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். டிஸ்க் என்றால் என்ன, நகல் எப்படி எடுப்பது, ரெக்கவரி கீயை எங்கே எழுதி வைப்பது. இந்த மூன்று பாடம் போதும். லேப்டாப்போடு ஒரு பென் டிரைவும் சேர்த்துக் கொடுத்தால் செலவு எவ்வளவு கூடிவிடப் போகிறது? தையல் மெஷின் கொடுக்கும்போது நூல் கோக்கக் காட்டிக் கொடுக்கிறோம் இல்லையா?

அந்தப் பெண் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். லினக்ஸும் வேண்டுமாம், கல்லூரியில் நிரல் எழுதக் கேட்கிறார்களாம். சியைச் சுருக்கிப் போட்டுக் கொடுத்தோம். போட்டுக் கொடுத்தோம் என்ன, அவளே செய்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அம்மா மட்டும் ஒரு புது நீள நோட்டு வாங்கிவிட்டாள். கம்ப்யூட்டரிலும் போடுகிறாளாம், நோட்டிலும் எழுதுகிறாளாம்.

சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். லேப்டாப் கொண்டுவருகிறவர்கள் சார்ஜரையும், காலியான ஒரு பென் டிரைவையும், மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டையும் எடுத்து வாருங்கள். என்னிடம் படித்தவர்கள் என்றால் அந்தப் பெயர் தெரியாத படங்களையும் ஒரு பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போங்கள்.